புதிய நகரின் பழைய கதை: நூலகத்தில் தொடங்கும் தேடல்

பொங்கோல் என்றதும் நம் தலைமுறைக்கு நினைவுக்கு வருபவை நீர்வழிப் பூங்கா, எல்ஆர்டி ரயில், வரிசை வரிசையான வீவக புளோக்குகள். ‘பொங்கோல் 21’ என்ற பெயரில் இந்நகருக்கான திட்டம் அறிவிக்கப்பட்டது 1996ல்தான். எம்ஆர்டி நிலையம் 2003ல் வந்தது. இங்கு வளரும் மாணவர்கள் பலருக்கும் அவர்கள் குடியிருக்கும் புளோக்குக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

இப்படிப்பட்ட நகரின் நூலகத்தில் வரலாற்று உரை ஒன்று நடந்தால் அதில் என்ன பேசுவார்கள்? கண்காட்சி வைத்தால் எதைக் காட்டுவார்கள்? ‘எல்லாமே புதுசுதானே’ என்று கேட்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு.

காட்டுவதற்கு நிறையவே இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் இந்தியச் சமூகத்தின் கதை.

நான்காவது வட்டார நூலகம்

சிங்கப்பூரின் முதல் வட்டார நூலகம் 1994ல் தெம்பனிசில் திறக்கப்பட்டது. உட்லண்ட்ஸ், ஜூரோங் நூலகங்களுக்குப் பின் நான்காவதாகச் சேர்ந்தது பொங்கோல். ‘ஒன் பொங்கோல்’ கட்டடத்தில் 2023 ஜனவரியில் முதல் இரண்டு தளங்களுடன் கதவு திறந்த இந்நூலகம், இன்று ஐந்து தளங்களில் இயங்குகிறது.

சமூக மன்றமும் உணவங்காடி நிலையமும் அதே கட்டடத்தில் இருப்பதால், சாப்பிட வந்தவர் நூலகத்துக்குள் எட்டிப் பார்ப்பது இங்கு சர்வசாதாரணம். சக்கர நாற்காலியில் வருவோருக்கேற்ற மேசைகள், கூட்டமும் சத்தமும் தாங்க முடியாதோர் சற்று அமைதியாக அமர்ந்திருக்கத் தனிச் சிற்றறைகள் என்று, பொதுவாக நூலகத்துக்கு வரத் தயங்குவோரையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட இடம் இது.

புத்தகம் இரவல் வாங்க மட்டுமே வருபவர்களுக்கு நூலகத்தின் பாதிதான் தெரியும். மறுபாதி அங்கு நடக்கும் உரைகளும் கண்காட்சிகளும். பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்துகொண்டு போய் உட்கார வேண்டியதுதான்.

பொங்கோலில் உறுமிய புலி

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மண்டாய் விலங்கியல் தோட்டம் 1973ல் திறக்கப்பட்டது நம்மில் பலருக்குத் தெரியும. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பொங்கோலில் ஒரு விலங்கியல் தோட்டம் இருந்தது. அதை நடத்தியவர் வில்லியம் லாரன்ஸ் சோம பசப்பா என்ற இந்திய வம்சாவளியினர்.

பசப்பா முதலில் தம் விலங்குகளை வைத்திருந்த இடம் சிராங்கூன் சாலை, 317ஆம் எண். இன்று தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். விலங்குகள் பெருகப் பெருக அந்த இடம் போதவில்லை. 1928 வாக்கில் அவர் பொங்கோல் கடற்கரையோரம் வாங்கியிருந்த நிலத்துக்குத் தோட்டத்தை மாற்றினார். அங்கு ஏறத்தாழ 200 விலங்குகளும் 2,000 பறவைகளும் இருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. ‘அப்பாய்’ என்ற வங்கப் புலியைச் செல்லப்பிராணி போல அவர் கூடவே வைத்திருந்தார்.

1942ன் தொடக்கத்தில் போர் சிங்கப்பூரை நெருங்கியது. ஜப்பானியர் வடக்குக் கரை வழியாக இறங்கக்கூடும் என எதிர்பார்த்த பிரிட்டிஷ் ராணுவம் அந்த நிலத்தைக் கேட்டது. விலங்குகளை வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல பசப்பாவுக்குக் கிடைத்த அவகாசம் ஒரே நாள். அது முடியாமல் போகவே, ஆபத்தில்லாதவை அவிழ்த்துவிடப்பட்டன. மற்றவை சுட்டுக் கொல்லப்பட்டன. ஜப்பானியர் இறுதியில் இறங்கியது வடமேற்குக் கரையில். பசப்பா மறு ஆண்டே காலமானார்.

1942 பிப்ரவரி 28ஆம் தேதி பொங்கோல் கடற்கரையில் நூற்றுக்கணக்கான சீன ஆடவர்களை ஜப்பானிய ராணுவம் சுட்டுக் கொன்றது. அந்த இடத்தில் இன்று நினைவுக் குறிப்புப் பலகை நிற்கிறது. போருக்குப் பின் மீனவர்களும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த ஊராக இருந்த பொங்கோல், பண்ணைகளைப் படிப்படியாக மூட 1984ல் அரசாங்கம் முடிவெடுத்த பிறகே இன்றைய நகராக மாறத் தொடங்கியது.

‘எல்லாமே புதுசு’ என்று சொல்லப்படும் ஊரின் கதை இது.

புத்தகத்தை வாசகரிடம் கொண்டுவருதல்

இந்தத் தகவல்கள் எவையும் ரகசியமல்ல. எல்லாம் நூல்களிலும் நாளிதழ்களின் பழைய பக்கங்களிலும் இருப்பவை. அங்கேயே இருந்தும் நம் கண்ணில் படவில்லை என்பதுதான் சிக்கல்.

இதைப் பற்றி முன்பே யோசித்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். உலகெங்கும் நூலகத்துறை மாணவர்கள் அவற்றை இன்றும் படிக்கிறார்கள். வாசகருக்கு ஏற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒரு விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அடுத்த விதி.

கண்காட்சி இந்த இரண்டாவது வேலையைச் செய்கிறது. அலமாரியில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு புத்தகத்தை எடுத்து, அட்டை தெரிய வைத்து, பக்கத்தில் ஒரு பழைய படத்தையும் நான்கு வரி விளக்கத்தையும் மாட்டினால், உணவங்காடிக்குப் போகும் வழியில் ஒருவர் நின்று பார்ப்பார். தேடுபொறி நாம் கேட்டதை மட்டுமே கொடுக்கும். பசப்பாவின் பெயரே தெரியாதவர் அவரைப் பற்றி எப்படித் தேடுவார்? கண்காட்சி, கேட்கத் தெரியாததையும் கொண்டுவந்து முன்னால் வைக்கிறது.

உரைக்குப் பின் வரும் 20 நிமிடங்கள்

உரையின் சிறப்பு வேறு. காணொளியிலும் உரை கேட்கலாம். நூலகத்தில் கேட்கும்போது கிடைப்பது, பேச்சாளர் முடித்த பிறகு வரும் கேள்வி நேரம்.

பழைய கம்பங்களைப் பற்றிய உரைக்கு, அங்கு வாழ்ந்த யாராவது வந்திருக்க வாய்ப்பு அதிகம். அவர் எழுந்து, “நீங்கள் சொன்ன கடை சாலையின் அந்தப் பக்கம் இருந்தது” என்று சொன்னால், அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவரே அந்த அறையின் இரண்டாவது பேச்சாளர் ஆகிவிடுகிறார். இத்தகைய நினைவுகள் எந்தப் பாடநூலிலும் இருக்காது. அவருடனேயே போய்விடவும் கூடும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் இப்படிப்பட்டவர்களின் குரல்களைப் பதிவு செய்துவருவது அதனால்தான்.

நம்மைப் போன்ற மாணவர்களுக்கு அந்த அறையில் இன்னொரு நன்மையும் உண்டு. அங்கு கேட்கும் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. தவறான கேள்வி என்றும் ஒன்று கிடையாது.

தமிழில் கேட்க ஆள் வேண்டும்

இனி நம்மைப் பற்றிய பேச்சு. தமிழ் உரைகளில் முன்வரிசைகளை நிரப்புவோர் பெரும்பாலும் மூத்தோர். ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவில் இளையர்களைப் பரவலாகப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் அந்த எண்ணிக்கை குறைந்துவிடுகிறது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர். வீட்டில் தமிழ் குறையும்போது, வகுப்பறைக்கு வெளியே அதைப் பேசக் கிடைக்கும் இடங்கள் ஒவ்வொன்றும் முக்கியமாகின்றன. வாய்மொழித் தேர்வில் படத்தைப் பார்த்துப் பேசும் தமிழ் வேறு; தெரியாத ஒரு மூத்தவரிடம் “ஐயா, அந்தக் காலத்தில் பொங்கோலுக்கு எப்படிப் போவீர்கள்?” என்று கேட்கும் தமிழ் வேறு. இரண்டாவதைப் பழக நூலக அறை நல்ல இடம்.

எந்த நிகழ்ச்சி ஏற்பாட்டாளரும் வருகையாளர் எண்ணிக்கையைப் பார்த்தே அடுத்ததைத் திட்டமிடுவார். பத்து நாற்காலிகள் காலியாக இருக்கும் தமிழ் உரைக்கு அடுத்த முறை சிறிய அறையே கிடைக்கும். ‘தமிழில் நிகழ்ச்சியே இல்லை’ என்று சொல்வதற்கு முன், இருக்கும் நிகழ்ச்சிக்குப் போனோமா என்று பார்க்க வேண்டும்.

ஒரு நூலிழையைப் பிடித்துக்கொண்டு

போனால் மட்டும் போதுமா? உரை முடிந்ததும் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பினால், மறுநாளே மறந்துவிடும். கேட்டதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள்.

பசப்பாவையே எடுத்துக்கொள்ளலாம். அவருடைய தந்தை சோமப்பா, சிங்கப்பூரில் பெருமளவு நிலம் வைத்திருந்த இந்தியர்களில் ஒருவர். சாங்கிப் பக்கம் ஒரு கிராமமே அவர் பெயரைத் தாங்கியிருந்தது. சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் முகவரியில் வரும் ‘சோமப்பா சாலை’யில் அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அங்கு படிக்கும் நம் நண்பர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சிராங்கூன் சாலை, பொங்கோல், சாங்கி என மூன்று இடங்களை ஒரு குடும்பத்தின் கதை இணைக்கிறது.

தொடர்ந்து தேட வழிகள் இருக்கின்றன. நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தில் தமிழ் முரசு உட்பட பழைய நாளிதழ்களைப் படிக்கலாம். 1887ல் வெளிவரத் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழும் மின்வடிவில் உள்ளது. 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் பலவற்றைத் தொண்டூழியர்களின் உதவியுடன் மின்வடிவாக்கி வைத்திருக்கிறார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘குடிமக்கள் ஆவணக் காப்பாளர்’ திட்டத்தில் பழைய படங்களுக்கு விவரம் சேர்க்கவும், பதிவான குரல்களை எழுத்தாக்கவும் பொதுமக்களே உதவலாம். இருமொழி அறிந்த மாணவர்களுக்கு ஏற்ற வேலை அது.

அப்படித் தேடிக் கண்டதை ஒருநாள் நாமே தமிழில் பேசலாம். பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைகளும் பள்ளித் தமிழ் மன்றங்களும் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் நாடகமும் நடத்துகின்றன. அவற்றோடு ஒரு சிறு கண்காட்சியையும் சேர்த்துக்கொண்டால் என்ன? பத்துப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரித் தமிழ் விளக்கம், கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு மாணவர்கள். தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

தேக்காவிலிருந்து பொங்கோலுக்கு வடகிழக்கு ரயில் பாதையில் மாறி ஏறத் தேவையில்லை; பத்தாவது நிலையத்தில் இறங்கினால் போதும். பசப்பா விலங்குகளைக் கொண்டுபோன அதே திசை. அடுத்த விடுமுறையில் நூலகத்தின் நிகழ்ச்சிப் பட்டியலைத் திறந்து, ஓர் உரைக்குப் பதிவு செய்யுங்கள். போகும்போது ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள்.