ஆப்பரேஷனுக்கு முன்னால் கொஞ்சம் விளையாட்டு

டாக்டர் தேதி குறித்துக் கொடுத்துவிட்டார். உங்கள் மகனுக்குத் தொண்டைச் சதையை எடுக்க வேண்டும். அல்லது மகளுக்குக் குடலிறக்கம். வீட்டுக்கு வந்ததும் முதலில் கண்ணைக் கசக்குவது யார்? பிள்ளையா, நீங்களா?

தாய்மார்களே, பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறது. அடுப்படியில் நீங்கள் அத்தையிடம் கிசுகிசுப்பதும் அதன் காதில் விழத்தான் செய்யும். "டவுனுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிடலாம் வா" என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோமே, அதைப் போல் கெடுதல் வேறில்லை. ஏமாந்த பிள்ளை தாதியையும் நம்பாது, உங்களையும் நம்பாது. கதறக் கதற மயக்கம் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் சிலர், வீடு திரும்பிய பிறகும் பல நாள் இரவில் அலறி எழுவதுண்டு. படுக்கையை நனைப்பதும் உண்டு.

இதை உலகுக்குக் காட்டியது ஒரு சினிமாப் படம். தொப்புள் குடலிறக்கத்துக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் தனியாக இருந்த இரண்டு வயதுச் சிறுமியை இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் படம் பிடித்து 1952இல் வெளியிட்டார். பெற்றோர் வந்து பார்ப்பதற்கே கட்டுப்பாடு இருந்த காலம் அது. 1959இல் பிளாட் குழு, பெற்றோரைத் தாராளமாக உள்ளே விடச் சொன்னது.

சரி, நாம் வீட்டில் என்ன செய்யலாம்? ஆஸ்பத்திரி விளையாட்டு விளையாடுங்கள். கரடிப் பொம்மைதான் நோயாளி, உங்கள் பிள்ளைதான் டாக்டர். பழைய துணியைக் கிழித்துக் கட்டுப் போடட்டும். மூக்கில் வைக்கும் முகமூடிதான் பிள்ளைகளை அதிகம் மிரட்டுவது. சின்னப் பிளாஸ்டிக் குவளையைக் கரடியின் மூக்கில் வைத்து, "பலூன் ஊதுவது போல ஊது, பார்க்கலாம்" என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு தன் மூக்கிலும் வைத்துப் பார்க்கட்டும். (பிளாஸ்டிக் பையை மட்டும் முகத்தருகே விடாதீர்கள்!) நீங்களும் ஒருமுறை நோயாளியாகப் படுத்துக் காட்டுங்கள். பிள்ளை சிரிக்கும்போது உங்கள் நெஞ்சுப் படபடப்பும் தானே அடங்குவதைக் காண்பீர்கள்.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "தூங்கும்போது தெரியாது. எழுந்ததும் கொஞ்சம் வலிக்கும், அதற்கு மருந்து தருவார்கள்" என்பதே உண்மை. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஐந்தாறு நாள் முன்பே சொல்லத் தொடங்கலாம்; மிகச் சின்னதற்கு ஓரிரு நாள் போதும்.

இத்தாலியில் கோமாளிகளையே ஆப்பரேஷன் அறை வரை கூட்டிப் போய்ப் பார்த்தார்கள். 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில் பிள்ளைகளின் பயம் நன்றாகவே குறைந்தது. ஆனால் வேலைக்கு இடைஞ்சல் என்று அங்கிருந்த ஊழியர்கள் பலர் முகம் சுளித்தார்களாம்! நமக்குக் கோமாளி வேண்டியதில்லை. காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு பல்லாங்குழியோ, படம் வரைய வண்ணப் பென்சிலோ போதும்.

பட்டினி கிடக்கச் சொன்ன நேரத்தில் மட்டும் பாவம் பார்த்து ஒரு வாய் பிஸ்கட்டும் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், ஆபத்து. அந்த நேரத்தில்தான் விளையாட்டு கை கொடுக்கும்.

கரடியை உள்ளே கொண்டுபோகலாமா, மயக்கம் வரும் வரை நீங்கள் பக்கத்தில் நிற்கலாமா என்று தாதியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கரடியின் காலில் பிள்ளையின் பெயரை எழுதிக் கட்டிவிடுங்கள். வார்டில் பொம்மைகள் காணாமல் போவது சகஜம்.