46-ஆம் பக்கம் பார்க்க

சமையலைப் பற்றி எழுத ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நம் சங்கத்துச் சகோதரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, காலையில் கோப்புகளை அவிழ்ப்பதும் மாலையில் கட்டுவதுமாகக் காலம் தள்ளும் நான், வெந்நீரைத் தவிர வேறொன்றையும் அடுப்பில் வைத்து அறியாதவன். ஆயினும் சென்ற எட்டு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்துவரும் காரியத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பங்கு என்பதைவிடக் கடன் என்பதே பொருத்தம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் தாயார் பாளையங்கோட்டையில் பிறந்து, 1985-இல் மணமாகிக் கரக்பூருக்கு வந்தவர். தகப்பனாருக்கு இங்குள்ள ரயில்வே தொழிற்சாலையில் வேலை. சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு பழைய பிஸ்கோத்து டப்பாவும் அன்று வந்து இறங்கிற்று. அதற்குள் என் பாட்டியார் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தமிழ் வார இதழ்களிலிருந்து கத்தரித்து வைத்த சமையல் குறிப்புகள் இருந்தன. தாயார் தம் பங்குக்கு மேலும் சேர்த்துக்கொண்டே போனார். அந்நாளில் சென்னையிலிருந்து இவ்வூருக்கு இதழ்கள் ரயிலில் வரும். இரண்டு நாளோ நான்கு நாளோ பிந்தும். முதலில் தகப்பனார் படிப்பார். பிறகு நான்கு தமிழ்க் குடும்பங்களைச் சுற்றிவிட்டு, ஓரமெல்லாம் மடங்கி, கடைசியாகத் தாயாரின் கத்தரிக்கோலுக்கு வந்து சேரும்.

ஒரு விசேஷம் என்னவென்றால், அந்த டப்பாவில் குழம்பு, கூட்டு, பொரியல் என்று ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. அவை கையோடு வந்தவை. அவற்றுக்குக் காகிதம் எதற்கு? இருந்தவை எல்லாம் கேக், பிஸ்கோத்து, நான்கட்டாய், பன். எங்கள் வீட்டிலோ அவற்றைச் சுடுவதற்கு வேண்டிய அடுப்பு ஒருநாளும் இருந்ததில்லை.

காரணம் நான்தான். எனக்கு ஆறு வயதிருக்கும்போது, பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் இருந்தது. டிசம்பர் பிறந்தால் அந்த வீட்டு ஜன்னல் வழியே பட்டையும் கிராம்பும் வெண்ணெயும் கலந்த மணம் எங்கள் முற்றம் முழுவதும் நிற்கும். கிறிஸ்துமஸ் அன்று அந்த அம்மையார் என் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார். எங்கள் வீட்டில் முட்டை புழங்காது. தாயார் மிகுந்த மரியாதையோடு அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அழுது புரண்ட என்னிடம், “முட்டையில்லாமல் நானே செய்து தருகிறேன், பார்” என்றார். நான் அதை மறந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் மறக்கவில்லை என்பதற்கு அந்த டப்பாவே சாட்சி.

இவ்வருஷம் வெள்ளையடிப்பதற்காகப் பரண்மேலிருந்த சாமான்களை இறக்கியபோது, என் மனைவி அந்த டப்பாவைத் தூக்கிக் காட்டி, “அத்தை, இது வேண்டுமா?” என்று கேட்டாள். தாயாருக்கு நீண்டநாள் சர்க்கரை வியாதி. விழித்திரை பழுதுபட்டு, இப்போது ஆள் நிழலாகத்தான் தெரிகிறது. டப்பாவைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டார். பதில் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் மெல்ல ஒரு சீட்டை உருவி எழுத்துக் கூட்டலானாள். பள்ளியில் அவளுக்கு இந்தி, ஆங்கிலம், தெருவில் வங்காளி. தமிழ் வீட்டோடு சரி. “அ, வ, னை... அவனை 350 டிகிரிக்குச் சூடாக்கவும்” என்று படித்துவிட்டுத் திடுக்கிட்டு, “எவனை ஆச்சி?” என்று கேட்டாள். தாயார் அவ்வாறு வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு நெடுங்காலம் ஆயிற்று. அந்தச் சிரிப்பில்தான் இந்தக் காரியம் தொடங்கியது.

முதல் மூன்று வாரமும் ‘அவன்’ இல்லாமலே பிரஷர் குக்கரில் செய்தோம். குக்கருக்குள் இரண்டு விரற்கடை உயரம் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, அதன்மேல் கேக் பாத்திரத்தை வைப்பது. மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. உப்புக்குப் பதில் மணலும் போடலாம். கேக் வேகத்தான் செய்தது. ஆனால் அடி சிவந்து முகம் வெளுத்து நின்றது. பிறகு பூஜைக்கு முன் வரும் போனஸில் சிறியதாக ஒரு மின்சார அவனை வாங்கினேன்.

வாங்கிய அன்றே வீடு முழுவதும் புகை. தாயாரின் சீட்டு 350 டிகிரி என்றது. எங்கள் அவனின் திருகோ 250 டிகிரியோடு நின்றுவிட்டது. இருக்கிற உச்சத்தில் வைப்போம் என்று நான் 250-இல் வைத்தேன். பதினைந்தாம் நிமிடத்தில் நான்கட்டாய் பன்னிரண்டும் கரித்துண்டு ஆயின. சீட்டிலிருந்தது பாரன்ஹீட் கணக்கு. திருகிலிருந்தது செல்சியஸ் கணக்கு! முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தால் 350 என்பது ஏறக்குறைய 177-தான். நாள் முழுவதும் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது தோன்றாமல் போனது வெட்கக்கேடு.

பாட்டியாரின் சீட்டுகளில் டிகிரியே கிடையாது. ‘மிதமான சூடு’ என்றிருக்கும். அதற்கு ஒரு சோதனையும் கூறப்பட்டிருந்தது: வெள்ளைக் காகிதம் ஒன்றை ஐந்து நிமிடம் உள்ளே வைத்தால் அது இளம்பழுப்பாக மாற வேண்டும், கருகினால் சூடு அதிகம். அளவுகளோ அவுன்ஸிலும் ஆழாக்கிலும் இருந்தன. மெட்ரிக் எடைகள் நம் நாட்டில் 1958 முதல் படிப்படியாக வழக்கத்துக்கு வந்தவை அல்லவா? ஓர் அவுன்ஸுக்கு 28 கிராம், ஓர் ஆழாக்குக்குச் சுமார் 168 மில்லி என்று நான் ஓர் அட்டவணை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். ‘கப்’ என்று வரும் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கக் கணக்கில் அது 240 மில்லி, பழைய ஆங்கிலேயக் கணக்கில் 284. மாவுக்கு ஒரு கப்பும் தயிருக்கு வேறொரு கப்பும் எடுத்தால் கேக் களியாகிவிடும். எங்களுக்கு ஆயிற்று.

எங்கும் வனஸ்பதி என்றே எழுதியிருந்தது மற்றொரு சங்கடம். எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இருதயத்துக்குத் தீங்கு என்று தெளிவாகி, 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் அதற்கு நூற்றுக்கு இரண்டு என்ற உச்சவரம்பு விதித்துவிட்டார்கள். நாங்கள் வெண்ணெய்க்கு மாறினோம். வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்குபோல் நீர் இருப்பதால், 100 கிராம் வனஸ்பதி என்றால் 115 கிராம் வெண்ணெயாவது போட வேண்டும். உப்பிட்ட வெண்ணெய் என்றால் சீட்டிலுள்ள சிட்டிகை உப்பை விட்டுவிட வேண்டும். நான்கட்டாய்க்கு நெய்யேதான், 100 கிராம் நெய், அதே எடை பொடித்த சீனி, 200 கிராம் மைதா, ஏலக்காய், சிட்டிகைச் சோடா. நெய் உறைந்திருக்க வேண்டும். இவ்வூர் மே மாதத்தில் எந்த நெய் உறையும்? உருகிய நெய்யில் பிசைந்தது தட்டில் ஓடி அப்பளமாயிற்று. மார்கழியில் அதே அளவு, அதே கை. வாயில் இட்டால் கரைந்தது.

சோடா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பச்சோடா தயிர், மோர், எலுமிச்சை போன்ற புளிப்போடு சேர்ந்தால்தான் நன்றாகப் பொங்கும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்புச் சரக்கும் சேர்ந்தே இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று பதில் போட்டுக்கொண்டால் சவுக்கார நாற்றம் அடிக்கும். பேக்கிங் பவுடர் பழையதாகியும் போகும். அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் போட்டால் உடனே நுரைக்க வேண்டும், இல்லையேல் குப்பையில் போடலாம். மைதாவைச் சேர்த்தபின் அடித்துக் கலக்கினால் அதிலுள்ள பசை இறுகி, கேக் ரப்பராகிவிடும். இட்லி மாவைக் கலக்கிப் பழகிய என் மனைவியின் கை இதற்கு அடங்க ஒரு மாதம் ஆயிற்று.

இனி அந்தக் கடனுக்கு வருகிறேன். டப்பாவின் அடியில் நான்காக மடித்த ஒரு சீட்டு இருந்தது. ‘முட்டையில்லாத பிளம் கேக்’. மகள் படித்தாள்: மைதா 250 கிராம், வெண்ணெய் 125, சீனி 150, கருக்குவதற்குத் தனியாகச் சீனி 100, தயிர் ஒரு கப், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சோடா அரை, திராட்சையும் முந்திரியும் ஆரஞ்சுத் தோலும் டூட்டி-ஃப்ரூட்டியும் சேர்ந்து 250 கிராம், பட்டை, கிராம்பு, சாதிக்காய். பிளம் எங்கே என்று அவள் கேட்டாள். பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சை முதலியவற்றையும் பிளம் என்றே சொல்வது வழக்கம் என்று விளக்கினேன். மேலே படித்தாள். பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைப்பது, சீனியைக் கருக்கி வெந்நீர் விடுவது, எல்லாம் இருந்தது. “கலவையைப் பாத்திரத்தில் ஊற்றி... தொடர்ச்சி 46-ஆம் பக்கம் பார்க்க.” அவ்வளவுதான்.

46-ஆம் பக்கம் எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியும். 2004-இல் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள், தாயார் பிறகு கத்தரிக்கலாம் என்று கட்டிவைத்திருந்த இதழ்க் கட்டு முழுவதையும் பழைய காகிதக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டு, நண்பர்களோடு சினிமாவுக்குப் போனேன். கட்டு எங்கே என்று வீட்டில் கேட்டபோது கரையான் என்று சொன்னேன். ஐந்து வருஷத்தில் தகப்பனார் பணியில் இருக்கும்போதே காலமானார். எனக்கு வேலை கிடைத்தது. தாயார் கத்தரிப்பதையும் நிறுத்திவிட்டார். இருபது வருஷமாக அந்தப் பொய் என்னிடமே இருந்தது. மகள் “46-ஆம் பக்கம் எங்கே ஆச்சி?” என்று கேட்டபோது தாயார் ஒன்றும் சொல்லாதிருந்தார். நானே சொன்னேன்.

“தெரியுமே” என்றார் அவர். “டிக்கெட்டை உன் சட்டைப் பையிலேயே விட்டிருந்தாய். துவைத்தது நான்தானே?”

அதற்குமேல் அதைப்பற்றிப் பேச்சில்லை. சூடும் நேரமும் தெரியாத கேக்கைச் சுட ஆரம்பித்தோம். முதல் ஞாயிறு 180 டிகிரியில் நாற்பது நிமிடம். மேலே தார், உள்ளே அல்வா. அடுத்ததை 150-இல் வைத்து, பொறுமையில்லாமல் நான் நான்கு முறை கதவைத் திறந்தேன்; நடுவில் குளம்போல் குழிந்துவிட்டது. மூன்றாவதில் பழமெல்லாம் அடியில் போய்ப் படிந்தது. பழத்தின் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒரு கைப்பிடி மைதாவில் புரட்டிப் போட்டால் படியாது என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. சுடுவதற்கு வகையில்லாதவர்கள் கல்கத்தாவில் டிசம்பர் மாதம் மாவையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு தால்தலாப் பக்கத்து விறகடுப்புப் பேக்கரிகளுக்குப் போய்ச் சுட்டு வாங்கிவருவது வழக்கம். அங்கே போகலாமா என்றுகூட யோசித்தேன். முட்டைக் கேக்கோடு ஒரே உலையில் வேகும் என்றதும் தாயார் தலையசைத்துவிட்டார்.

நான்காம் ஞாயிறு டிசம்பர் 21. திருகை 160-இல் வைத்தோம். ஏழு அங்குலப் பாத்திரம். உள்ளே காகிதம் விரித்தது. அரை மணிக்குப் பிறகு தாயார் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “கதவைத் தொடாதே” என்றார் என்னிடம். ஐம்பது நிமிடத்தில் மணம் எழுந்தது, எடுக்கலாம் என்றோம். “இல்லை. இன்னும் ஊறல் மணம்தான்” என்றார். அறுபதாம் நிமிடத்தில் வெளியே எடுத்து வைக்கச் சொல்லிக் காதை அருகில் கொண்டுபோய், “இன்னும் பேசுகிறது, உள்ளே வை” என்றார். நானும் குனிந்து கேட்டேன். உள்ளிருக்கும் ஈரம் கொதிக்கும் மெல்லிய சலசலப்பு, தூரத்து மழைபோல. மேற்புறம் கருகாமல் ஓர் அலுமினியத் தாளைப் போட்டு மீண்டும் வைத்தோம். எழுபத்திரண்டாம் நிமிடம் மறுபடி கேட்டார். “அடங்கிவிட்டது.” என் மனைவி ஓர் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தாள்; சுத்தமாக வந்தது.

சூடாக வெட்டக்கூடாது என்று இன்னொரு சீட்டில் இருந்ததால் இரவு வரை காத்திருந்தோம். முதல் துண்டை என் மகள் என்னிடம்தான் கொடுக்க வேண்டும் என்று தாயார் சொல்லிவிட்டார். முப்பத்தேழு வயதில், ஆறு வயதுக்காரனுக்கு உரிய துண்டை வாங்கித் தின்பது எளிதாக இல்லை. தாயார் வைத்தியர் சொன்னதை எண்ணி நகத்தளவு பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். “சீனி கொஞ்சம் தூக்கல். அடுத்த தடவை 130 போதும்” என்றார்.

மகள் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து, மேலே ‘46-ஆம் பக்கம்’ என்று தலைப்பிட்டு, ‘160 டிகிரி, 72 னிமிடம், ஆச்சி காதில் கேட்டு எடுக்கவும்’ என்று எழுதி டப்பாவில் போட்டிருக்கிறாள். அடுத்த வாரம் பன். அதற்கு ஈஸ்ட் வேண்டும். கோல் பஜாரில் இரண்டு கடைகளில் இல்லை என்றார்கள், மூன்றாவதில் விசாரிக்க வேண்டும்.