மாநகராட்சி ஒப்பந்தமும் சிறு வணிகரும்

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் 2021 நவம்பரில் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள், 5 மண்டலங்கள் கொண்ட இந்த மாநகராட்சியால் வீட்டு வரியும் குடிநீரும் என்ன ஆயின என்பது குறித்து நிறையப் பேசியாகிவிட்டது. இந்த இணைப்பால் பாதிக்கப்பட்ட இன்னொரு தரப்பைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. உள்ளாட்சி அலுவலகங்களுக்குப் பொருள் கொடுத்தும் சிறுபணி செய்தும் பிழைத்துவந்த உள்ளூர்ச் சிறு வணிகர்கள்தான் அவர்கள்.

பிளீச்சிங் பவுடர், தெருவிளக்குச் சாமான்கள், குழாய், அச்சிட்ட படிவங்கள், வாடகை லாரி என்று பத்து அலுவலகங்கள் தனித்தனியே வாங்கிவந்தவற்றை இப்போது ஒரே நிர்வாகம் வாங்குகிறது. ஒரு பேரூராட்சியின் தேவையை மட்டும் நிறைவேற்றப் போதுமான முதலும் ஆள்பலமும் கொண்டிருந்த குரோம்பேட்டை அச்சகமோ, பம்மல் வெல்டிங் பட்டறையோ, சேலையூர் மின்சாதனக் கடையோ மாநகராட்சியின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பைப் பார்த்ததும் முதலில் கேட்பது, 'இது நமக்கானதா?' என்பதே. பலர் அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். 'ஆள் தெரிந்தவர்களுக்குத்தான் கிடைக்கும்' என்று மற்றவர்களிடமும் சொல்கிறார்கள்.

அந்தப் பேச்சை முற்றிலும் பொய் என்று தள்ள முடியாது. ஒப்பந்தப்புள்ளிகளைத் தகரப் பெட்டியில் போட்ட காலத்தில், பெட்டி இருக்கும் அறைக்குள் போகவிடாமல் ஆள்களை நிறுத்தி மறித்த கதைகளை எந்த ஊர் ஒப்பந்ததாரரும் சொல்வார். ஒப்பந்ததாரர்கள் தமக்குள் கூடிப் பேசி முறைவைத்து விலை கோருவது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி குற்றம். அதனால் அந்தப் பழக்கம் ஒழிந்துவிட்டது என்று யாரும் உறுதி கூற மாட்டார்கள். ஆனாலும், கதவு முழுவதும் மூடியிருக்கிறது என்று நம்பி ஒதுங்குவோர், சட்டம் தங்களுக்கு என்ன தந்திருக்கிறது என்பதை அறியாமலேயே ஒதுங்குகிறார்கள்.

அரசுக் கொள்முதலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றுவதில் முந்திக்கொண்ட மாநிலம் தமிழ்நாடு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. 2000-இல் அதன் விதிகள் வந்தன. மத்திய அரசுக்கு இன்றுவரை அப்படியொரு சட்டம் இல்லை. 2012-இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட பொதுக் கொள்முதல் மசோதா, அந்த அவையின் பதவிக்காலத்தோடு காலாவதியானது. நிதி விதிகளையும் நிர்வாக ஆணைகளையும் கொண்டே தில்லி காலந்தள்ளுகிறது. நம் மாநிலத்திலோ, மாநகராட்சி உள்பட எல்லா அரசு அமைப்புகளும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை.

அச்சட்டமும் விதிகளும் சொல்வனவற்றில் சிறு வணிகர் மனப்பாடம் செய்ய வேண்டியவை சில உண்டு. இரண்டு கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாள்களும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாள்களும் தரப்பட வேண்டும். அதைக் குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். முன்வைப்புத் தொகை, கொள்முதல் மதிப்பில் ஒரு விழுக்காட்டை மிஞ்சக் கூடாது. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்கூட்டியே சொல்லப்பட்ட, அளவிடத்தக்க காரணிகளைக் கொண்டுதான் எது குறைந்த விலை என்று முடிவுசெய்ய வேண்டும். ஆவணத்தில் இல்லாத ஒரு தகுதியைப் பிறகு நுழைத்து ஒருவரைத் தள்ளவோ ஏற்கவோ இயலாது.

தகரப் பெட்டியின் இடத்தை இப்போது tntenders இணையதளம் பிடித்திருக்கிறது. யாரும் வழிமறிக்க முடியாது என்பது இதன் பெரிய நன்மை. ஆனால், இது வேறுவகைச் சறுக்கல்களைக் கொண்டுவந்திருக்கிறது. மூன்றாம் வகுப்பு மின்னணுக் கையொப்பம் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. அதன் காலாவதித் தேதியை மறந்து கடைசி நாளில் தவிப்போர் உண்டு. விலை நிரப்பும் எக்செல் கோப்பின் பெயரை மாற்றினால் தளம் அதை ஏற்காது. எல்லா ஆவணங்களையும் பதிவேற்றிய பிறகு, இறுதியாக்கும் பொத்தானை அழுத்தாவிட்டால் அந்த ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கப்பட்டதாகவே கருதப்படாது. தளத்தின் கடிகாரம்தான் செல்லும். நம் கைக்கடிகாரம் செல்லாது. அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே ஆவணங்களை ஏற்றிவிட்டு, விலையை மட்டும் கடைசி இரண்டு நாள்களில் முடிவுசெய்வதே அனுபவசாலிகளின் வழக்கம்.

பெரும்பாலான ஒப்பந்தப்புள்ளிகள் இரண்டு உறைகள் கொண்டவை. முதலில் தகுதி உறை திறக்கப்படும். அதில் தேறியவரின் விலை உறையை மட்டுமே பிறகு திறப்பார்கள். மிகக் குறைந்த விலையைக் கேட்டவர் ஒரு சான்றிதழ் விடுபட்டதால் வெளியேறினால், அவர் கேட்ட விலை யாருக்கும் தெரியாமலேயே போய்விடும். கட்டுமானப் பணியென்றால் ஒப்பந்ததாரராக உரிய வகுப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கு வட்டாட்சியர் தரும் சொத்து மதிப்புச் சான்றிதழ் வேண்டும். அது ஒரு வாரத்தில் கையில் வந்துவிடும் என்று எண்ணி எவரும் திட்டமிடக் கூடாது. முன்பு செய்த பணிக்கான நிறைவுச் சான்று, தணிக்கையாளர் கையொப்பமிட்ட விற்றுமுதல் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றை அறிவிப்பு வந்தபின் தேடுபவர் பெரும்பாலும் தோற்கிறார். விலையில் தோற்பவர்களைவிடக் காகிதத்தில் தோற்பவர்களே மிகுதி என்பது என் கணிப்பு.

இங்கே 'உத்யம்' பதிவு பற்றிய ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிவு இருந்தால் எந்த அரசு அலுவலகத்திலும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காடு வாங்க வேண்டும், அதில் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நிறுவனங்களுக்கு 4 விழுக்காடும் பெண்களின் நிறுவனங்களுக்கு 3 விழுக்காடும் ஒதுக்க வேண்டும், முன்வைப்புத் தொகை கேட்கக் கூடாது என்றெல்லாம் சொல்வது 2012-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணை. அது மத்திய அமைச்சகங்களுக்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொருந்துமே அன்றி மாநகராட்சிக்குத் தானாகப் பொருந்தாது. மாநில அரசும் தன் பங்குக்குச் சிறுதொழில்களுக்குச் சலுகை தந்திருக்கிறது. ஆயினும் குறிப்பிட்ட ஒப்பந்தப்புள்ளியில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதே முடிவானது. மேலும், மொத்த, சில்லறை வணிகர்கள் உத்யமில் பதிவு செய்யலாம் என்று 2021-இல் அனுமதிக்கப்பட்டபோதே, அவர்களுக்கு வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும்தான், மற்ற சலுகைகள் இல்லை என்றும் தெளிவாக்கப்பட்டது. பிளீச்சிங் பவுடரைத் தயாரிப்பவரும் அதை வாங்கி விற்பவரும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல.

அந்த மத்திய ஆணையைப் பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு தாம்பரத்துக்காரர்களின் வாசலிலேயே இருக்கிறது. விமானப்படைத் தளம், ரயில்வே, சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஆகியவை மத்திய அரசைச் சார்ந்தவை. மத்திய அலுவலகங்களின் பொதுவான கொள்முதல், 2016-இல் தொடங்கப்பட்ட 'ஜெம்' மின்சந்தை வழியாக நடக்கிறது. மாநகராட்சியில் முதல் ஒப்பந்தம் கிடைப்பதற்கு முன்பே, முன் அனுபவச் சான்று ஒன்றை இங்கிருந்து பெற்றுவிட முடியும்.

ஒப்பந்தம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிறு வணிகருக்கு உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். பத்து லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு வடிகால் பணியை எடுத்துக்கொள்வோம். பிணைத்தொகையாக ஐந்து விழுக்காடு வரை முடங்கும். விலையை மிகவும் தாழ்த்திக் கேட்டவரென்றால் கூடுதல் பிணைத்தொகையும் உண்டு. போட்டியாளரை வீழ்த்த அடிமாட்டு விலை கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பட்டியல் தொகையில் ஜிஎஸ்டிக்காக 2 விழுக்காடும், தனிநபரென்றால் வருமான வரிக்காக ஒரு விழுக்காடும், கட்டுமானத் தொழிலாளர் நல வரியாக ஒரு விழுக்காடும் பிடித்தம் செய்யப்படும். முதலிரண்டும் கணக்கில் திரும்பி வரும். ஆனால் உடனே வராது. இத்தகைய பணிக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. பட்டியல் எழுதிவிட்டால், மாநகராட்சி பணம் தந்ததோ இல்லையோ, உள்ளீட்டு வரி போக மீதியை உரிய தேதியில் கட்டியாக வேண்டும். கூலியையும் சிமெண்ட் கடைக்காரரையும் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆறு மாதம் பணம் வராமல் தாங்கும் சக்தி இல்லாதவர் பத்து விழுக்காடு லாபத்துக்கு விலை கேட்பது, கந்து வட்டிக்காரருக்கு உழைப்பதாகவே முடியும்.

ஆகவே, விலையை நிரப்புவதற்கு முன்பு அறிவிப்பில் பார்க்க வேண்டிய ஒரு வரி உண்டு: பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது என்பது. நிதி ஆணைய மானியமா, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டமா, மாநகராட்சியின் பொது நிதியா? திட்ட நிதி வந்து சேர்ந்திருந்தால் பட்டியல் நகரும். பொது நிதியோ வரி வசூலை நம்பியது. ஊழியர் சம்பளமும் மின் கட்டணமும் போக மிஞ்சியதில்தான் ஒப்பந்ததாரரின் முறை வரும்.

பொருள்களையும் சேவைகளையும் தரும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சட்டம் ஒரு பிடிமானம் தருகிறது. 45 நாள்களுக்குள் பணம் தராத வாங்குநர், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும். சென்னையிலுள்ள வசதியாக்கக் குழுவில் முறையிடலாம். கட்டுமான ஒப்பந்தங்களுக்கு இது பொருந்துமா என்பதில் நீதிமன்றங்களில் வாதம் தொடர்கிறது. ஆனால், அச்சகத்துக்கும் மின்சாதன உற்பத்தியாளருக்கும் இது கையிலுள்ள ஆயுதம். அடுத்த ஒப்பந்தம் போய்விடுமோ என்ற அச்சத்தால் பெரும்பாலோர் இதை எடுப்பதில்லை. அந்த அச்சம் நியாயமானதுதான்.

வணிகர் எவ்வளவு தயாரானாலும், ஒப்பந்தத்தின் அளவு அவரால் தாங்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஐந்து மண்டலங்களின் தேவையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதற்கேற்ப விற்றுமுதல் தகுதியும் நிர்ணயித்தால், உள்ளூர்க்காரர் முதல் உறையிலேயே போய்விடுவார். 'பிரித்தால் தணிக்கையில் ஆட்சேபம் வரும்' என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். உயரதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகத் துண்டு போடுவது வேறு. மண்டலவாரியாக வெளிப்படையாக ஒரே அறிவிப்பில் ஒப்பந்தப்புள்ளி கோருவது வேறு. 2014-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை, பெரிய ஒப்பந்தத்தைப் பகுதிகளாகப் பிரிக்காவிட்டால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்கிறது. தாம்பரத்தில் மாமன்றத் தீர்மானம் ஒன்றே இதற்குத் தொடக்கமாக அமையும்.

முறைகேடாகத் தள்ளப்பட்டதாகக் கருதுபவர், ஆணை கிடைத்த 10 நாள்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு. இந்தப் பத்து நாள் எவ்வளவு முக்கியம் என்பதை ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு (1979) காட்டும். பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகமும் இரண்டு சிற்றுண்டிச் சாலைகளும் நடத்த, ஐந்தாண்டு அனுபவமுள்ள, பதிவுபெற்ற இரண்டாம் வகுப்பு உணவக உரிமையாளர்களிடம் விலை கோரப்பட்டது. அந்தத் தகுதி இல்லாதவருக்கு ஒப்பந்தம் தரப்பட்டது. தான் விதித்த தகுதியை அரசு அமைப்பு தானே மீற முடியாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. இன்றுவரை அத்தீர்ப்பு மேற்கோளாகிறது. ஆனால், ஒப்பந்தம் ரத்தாகவில்லை. வழக்குத் தொடுத்தவர் ஒப்பந்தப்புள்ளியில் கலந்துகொள்ளாதவர். மாதக்கணக்கில் தாமதித்து வந்தார். அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் செலவு செய்து கடையை அமைத்துவிட்டிருந்தார்.

இன்னொரு கதவும் உண்டு. மேற்கு தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 வெள்ளத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் மோட்டார் பம்பு, படகு, பொக்லைன், உணவுப் பொட்டலம் எல்லாம் அவசரத் தேவைகளாகின்றன. இயற்கைப் பேரிடரின்போது ஒப்பந்தப்புள்ளி நடைமுறையிலிருந்து சட்டத்தின் 16-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. அது தேவையான விலக்குதான். ஆனால், அக்டோபரில் மழை வரும் என்பது ஜூலையிலேயே எல்லோருக்கும் தெரியும். பம்பு வாடகைக்கு மண்டலவாரியாக ஆகஸ்டில் ஒப்பந்தப்புள்ளி கோரி, 15 நாள் அவகாசம் தந்து, செப்டம்பரில் விலைப்பட்டியலை முடிவுசெய்து வைத்தால், இரண்டு பம்பு வைத்திருக்கும் பெருங்களத்தூர்க்காரரும் அதில் பங்கேற்க முடியும். நவம்பரில் இடுப்பளவு நீர் நிற்கும் இரவில் தொலைபேசியில் யாரை அழைப்பது என்று பொறியாளர் தேட வேண்டியிருக்காது.