வைஃபை பட்டியல் வர ஏன் தாமதம்?

லேப்டாப்பைத் திறந்ததும் வைஃபை பட்டியல் காலியாக இருக்கும். சற்றுப் பொறுத்துப் பக்கத்து வீட்டின் பெயர் வரும். நம் வீட்டுப் பெயர் கடைசியில்தான் வரும். "கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று பழுது பார்ப்பவர் சொன்னால் முதியவர்கள் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியம் இராது.

ஒவ்வொரு ரூட்டரும் விநாடிக்குச் சுமார் 10 முறை தன் பெயரை அறிவிக்கிறது. ஆனால் தன் சானலில் மட்டுமே. ஒரு பெரிய ஜங்ஷனில், அந்தந்தப் பிளாட்பாரத்தில் நின்றால்தான் அங்குள்ள அறிவிப்பு கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கேட்க ஒரே ஆள் ஒவ்வொன்றிலும் போய் நிற்க வேண்டும். லேப்டாப்பின் நிலை அதுதான்.

2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சானல்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இருபதுக்கும் மேல். ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு விநாடி நின்றாலும் ஒரு சுற்றுக்கு மூன்று, நான்கு விநாடி ஆகும். அடுக்குமாடிக் குடியிருப்பின் அலை நெரிசலில் ஓர் அறிவிப்பு தவறினால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான்.

"யார் இருக்கிறீர்கள்?" என்று லேப்டாப்பே கேட்டால் பதில் விரைவில் வரும். ஆனால் 52 முதல் 144 வரையுள்ள சானல்களை வானிலை ரேடார் போன்றவையும் பயன்படுத்துவதால், பல நாடுகளில் அங்கே லேப்டாப் முந்திக்கொண்டு பேசக் கூடாது. ரூட்டரும் அங்கே குறைந்தது 60 விநாடி மௌனமாக இருந்து, ரேடார் இல்லை என்று உறுதி செய்தபின்தான் பேசும். கரண்ட் போய் வந்தபின் ஏற்படும் தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

செய்யக்கூடியவை:

1. மூடித் திறந்ததும் பத்து விநாடி பொறுங்கள். உறங்கிய கார்டு விழிக்கவும் நேரம் வேண்டும்.

2. ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் சானலை 36 முதல் 48க்குள், 2.4 கிகாஹெர்ட்ஸ் சானலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக வையுங்கள்.

3. ரூட்டரின் பெயரை மறைத்து வைக்காதீர்கள். மறைத்தால் லேப்டாப் பெயர் சொல்லித் தேட வேண்டியிருக்கும். பாதுகாப்பு கடவுச்சொல்லில்தான் இருக்கிறது.

4. மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை கார்டை அணைக்கும் வசதியை நிறுத்திப் பாருங்கள். கார்டுக்கான மென்பொருளையும் புதுப்பியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும், அதே இடத்தில் கைபேசி உடனே கண்டுபிடிக்க, லேப்டாப் மட்டும் நிமிடக் கணக்கில் தேடினால், அப்போது கார்டைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் பணப்பையைத் திறக்க வேண்டாம்.