பேசும் கணினி: ஹாம் ரேடியோவுக்கு லேப்டாப் வாங்குவது எப்படி?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சுனாமி தாக்கியது. பல இடங்களில் தொலைபேசி வேலை செய்யவில்லை. உற்றார் உறவினர் உயிரோடு இருக்கிறார்களா? யாருக்கும் தெரியவில்லை.

அந்த நேரத்தில் போர்ட் பிளேரில் ஒரு சிறு குழு தங்கியிருந்தது. அதற்குப் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தலைமை தாங்கினார். அவர்கள் பொழுதுபோக்காக வானொலியில் பேச வந்தவர்கள். சுனாமி வந்ததும் அந்த வானொலி உயிர்காக்கும் கருவி ஆயிற்று. தீவிலிருந்து செய்திகள் கடல் தாண்டிச் சென்றன. தவித்தவர்களுக்குத் தகவல் கிடைத்தது.

இந்த வானொலிக்கு ஹாம் ரேடியோ என்று பெயர்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

வீட்டு வானொலியில் நாம் கேட்க மட்டும் முடியும். ஹாம் ரேடியோவில் கேட்கலாம், பேசவும் செய்யலாம். நடுவில் தொலைபேசிக் கம்பி வேண்டாம். செல்போன் கோபுரமும் வேண்டாம். ஆனால் பேசுவதற்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். அதற்குத் தேர்வு எழுத வேண்டும். இதில் வியாபாரம் பேசக் கூடாது.

கணினி எப்படி வானொலி ஆகும்?

பழைய வானொலிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கம்பிச் சுருள்கள் இருக்கும். நாம் குமிழைத் திருகுவோம். நமக்கு வேண்டிய நிலையம் மட்டும் தனியாகப் பிரிந்து வரும்.

இன்று அந்த வேலையைக் கணினியே செய்கிறது. பெருவிரல் அளவில் ஒரு சிறு கருவி உண்டு. டாங்கிள் என்பார்கள். அதை லேப்டாப்பில் செருக வேண்டும். ஏரியல் கம்பியை அதில் இணைக்க வேண்டும். காற்றில் வரும் அலையை அது நொடிக்கு 24 லட்சம் முறை அளக்கும். அளந்ததை எண்களாக்கி லேப்டாப்புக்கு அனுப்பும். முறத்தில் புடைத்து அரிசியையும் உமியையும் பிரிக்கிறோம் அல்லவா? லேப்டாப்பும் அப்படித்தான். கணக்குப் போட்டு ஒரு பேச்சை மற்றதிலிருந்து பிரிக்கிறது. பேச்சு வரும் இடம் திரையில் பளிச்சென்ற கோடாகத் தெரியும்.

இந்தச் சிறு கருவி கேட்க மட்டுமே உதவும். பேசுவதற்கு வேறு கருவி வேண்டும்.

விலை உயர்ந்த லேப்டாப் வேண்டுமா?

வேண்டாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விளையாட்டுக்காகச் செய்த விலை உயர்ந்த லேப்டாப் இதற்குத் தேவையில்லை. அலுவலகங்களில் பயன்படுத்திய பழைய லேப்டாப்பே பெரும்பாலும் போதும். ஆனால் சிலவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்.

1. மூளை. கணக்குப் போடும் பகுதிக்குப் பிராசசர் என்று பெயர். அதில் நான்கு கோர்கள் இருந்தால் நல்லது. மூளை மெதுவாக இருந்தால் பேச்சு விட்டு விட்டு வரும்.

2. நினைவகம். 8 ஜி.பி. ரேம் இருந்தால் தடையின்றி ஓடும்.

3. சேமிக்கும் இடம். அலையை அப்படியே பதிவு செய்தால் நொடிக்குச் சுமார் 5 எம்.பி. இடம் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 17 ஜி.பி. ஆகும். ஆகவே பழைய சுழலும் தட்டைவிட எஸ்.எஸ்.டி. நல்லது. அது வேகமானது. குலுங்கினாலும் எளிதில் கெடாது.

4. யு.எஸ்.பி. துளைகள். மூன்று இருந்தால் வசதி. ஒன்று டாங்கிளுக்கு. மற்றவை பேசும் கருவிக்கும் மவுஸுக்கும். ஒவ்வொரு துளையிலும் பென் டிரைவ் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

5. மென்பொருள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். அது இலவசம். ஹாம் ரேடியோ மென்பொருள்கள் பல அதில் ஓடும்.

மறைந்திருக்கும் எதிரி

லேப்டாப்பின் சார்ஜரே சில நேரம் வானொலிக்கு எதிரி ஆகும். அதிலிருந்து இரைச்சல் கிளம்பும். தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். பேட்டரியில் ஓடும் சிறு டிரான்சிஸ்டரைக் கையோடு கொண்டு போங்கள். மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வையுங்கள். சார்ஜரைச் செருகிய லேப்டாப்பின் அருகே கொண்டு செல்லுங்கள். இரைச்சல் மிக அதிகமானால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் சார்ஜருடையது. வேறு சார்ஜர் கேளுங்கள். டாங்கிளை நேராகச் செருகாமல், சிறு நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தாலும் இரைச்சல் குறையும்.

புயல் நாளில் மின்சாரம் எங்கே?

புயல் வந்தால் முதலில் போவது மின்சாரம். அப்போது சார்ஜர் உதவாது. எனவே வாங்கும்போதே பேட்டரியைச் சோதியுங்கள். முழுவதும் சார்ஜ் செய்து, கழற்றிவிட்டு, ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

டைப்-சி துளை வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப் இன்னும் நல்லது. தகுந்த கார் சார்ஜர் இருந்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தும் அதை ஓட்டலாம். கணக்கு இதோ:

12 வோல்ட், 40 ஆம்பியர் மணி பேட்டரி: 12 × 40 = 480 வாட் மணி.
அமில பேட்டரியில் பாதியை எடுப்பதே நல்லது: 240 வாட் மணி.
லேப்டாப் 20 வாட் இழுத்தால்: 240 ÷ 20 = 12 மணி நேரம்.

வழியில் கொஞ்சம் வீணாகும். ஆகவே 10 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் இரவைக் கடக்க அது போதும்.

போர்ட் பிளேரில் 2004-இல் உதவியது டாங்கிள் அல்ல. வழக்கமான வானொலிக் கருவிதான். கருவி எதுவானாலும் பாடம் ஒன்றே. ஆபத்து வரும் முன்பே கருவி தயாராக இருக்க வேண்டும். அதை இயக்கத் தெரிந்த ஆளும் தயாராக இருக்க வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. புயலில் செல்போன் வேலை செய்யாவிட்டால் உங்கள் ஊர் எப்படிச் செய்தி அனுப்பும்?
2. பழைய லேப்டாப் வாங்கும்போது எவற்றைச் சோதிப்பீர்கள்?
3. உங்கள் லேப்டாப் 30 வாட் இழுத்தால், மேலே சொன்ன பேட்டரி எத்தனை மணி நேரம் வரும்?