ஊதல் ஒலிக்காத மைதானம்

பிள்ளைகளை நல்வழிப்படுத்த அச்சம் வேண்டுமா, நம்பிக்கை போதுமா என்னும் கேள்வி வீட்டிலும் பள்ளியிலும் விளையாட்டுத் திடலிலும் ஓயாது எழுவதொன்றாகும். பாட்டன் பாட்டியர் அருகில் இன்றி, வேற்று மொழி வழங்கும் நகரங்களில் பிள்ளைகளை வளர்த்துவரும் நம்போன்ற குடும்பங்களுக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாநிலத்துச் சிறு கல்லூரி ஒன்று 2003ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விடை தந்தது. அவ்வரலாற்றை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதற்கண் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்தன்று. பந்து முட்டை வடிவினது. காலால் உதைப்பது குறைவு, கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே மிகுதி. நூறு கெஜ நீளமுள்ள மைதானத்தில் பக்கத்துக்குப் பதினொருவர் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜமேனும் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போகும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் ஆறு புள்ளிகள். பந்துடன் ஓடுபவனை மடக்கி வீழ்த்துவது எதிரணியின் வேலை. சடுகுடு பார்த்துப் பழகிய நமக்கு இம்மல்லுக்கட்டு புதுமையன்று. ஆயினும் இங்கே தலைக்கவசம் தரித்த திண்ணிய உடல்கள் முழு வேகத்தில் மோதிக்கொள்கின்றன. ஆகவே இவ்வாட்டத்தின் பயிற்சியாளர்கள் என்றாலே உரத்த குரலும், ஊதலும், கடுந்தண்டனையும் நினைவுக்கு வருவது வழக்கமாயிற்று.

இவ்வழக்கத்திற்கு மாறாக நின்றவர் ஜான் கலியார்டி. இவர் 1926ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கொலராடோ மாநிலத்து டிரினிடாட் என்னும் ஊரில் பிறந்தார். இத்தாலியிலிருந்து பிழைப்பை நாடிக் கடல் கடந்து வந்த குடும்பம் இவருடையது. 1943இல், பதினாறு வயதில், பள்ளி அணியின் தலைவராக இருந்தார். உலகப் போர் மூண்டிருந்த காலமாதலின் பள்ளியின் பயிற்சியாளர் படைக்கு அழைக்கப்பட்டார். அணியையே கலைத்துவிடலாம் என்னும் பேச்சு எழுந்தபோது, தாமே பயிற்சி அளிப்பதாக இச்சிறுவர் முன்வந்தார்.

அந்நாட்களில் பயிற்சியின்போது ஆட்டக்காரர் தண்ணீர் குடிப்பது தடுக்கப்பட்டிருந்தது; நீர் அருந்தினால் உடல் தளரும் என்று நம்பினர். கலியார்டி அத்தடையை நீக்கினார். களைப்பூட்டும் வீண் ஓட்டங்களையும் நிறுத்தினார். தமக்கு ஆட்டக்காரராக எது துன்பம் தந்ததோ அதைப் பிறருக்குச் செய்வதில்லை என்பதே அவர் கண்ட வழி. அவரது நெடிய பணிக்கெல்லாம் வித்து அந்த ஒரு குவளைத் தண்ணீர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

மான்டானா மாநிலத்தில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிய பின், 1953இல் மின்னசோட்டாவின் காலேஜ்வில் என்னும் சிற்றூரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்கு வந்தார். பெனடிக்ட் சபைத் துறவிகள் 1857இல் நிறுவிய, காடும் ஏரியும் சூழ்ந்த கல்விக்கூடம் அது. பெயரில் பல்கலைக்கழகமாயினும் அளவில் சிறியதே. அது இடம்பெற்ற மூன்றாம் பிரிவில், விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை வழங்க விதி இடந்தருவதில்லை. மாணவன் படிக்க வருகிறான், படிப்போடு ஆடுகிறான்.

கலியார்டியின் பயிற்சி முறை, எவையெவை இல்லை என்று அடுக்கிச் சொல்லத்தக்கது. ஊதல் இல்லை. வசைமொழி இல்லை. பயிற்சியில் ஒருவரையொருவர் மடக்கி வீழ்த்துவது அறவே இல்லை. மூத்த மாணவர் இளையோரைப் பகடி செய்து இழிவுபடுத்துவது இல்லை. சேர விரும்பி வந்தவனைத் திறமை குறைந்தவன் என்று திருப்பி அனுப்புவதும் இல்லை. பதினொருவர் ஆடும் ஆட்டத்திற்கு நூற்றைம்பது பேருக்கு மேல் பெயர் கொடுத்த ஆண்டுகள் உண்டு. கடுங்குளிரிலும் கொசுத் தொல்லையிலும் மாணவரை நிறுத்தி வதைப்பதில்லை. உடற்பயிற்சி என்ற பெயரில் புல்தரையில் மல்லாந்து படுத்து, வானத்தை நோக்கி, இன்று எவ்வளவு அழகிய நாள் என்று சொல்வதும் உண்டு! மாணவர்கள் அவரைப் பயிற்சியாளர் என்றுகூட விளிப்பதில்லை. ஜான் என்றே பெயர் சொல்லி அழைத்தனர். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பது நம் மரபுக்கு ஒவ்வாததே. ஆயினும் அங்கே மரியாதை குறைந்ததாக எவரும் கூறியதில்லை.

அவர் விதித்த சட்டம் ஒன்றே: பிறர் உன்னை எவ்வாறு நடத்த வேண்டும் என விரும்புகிறாயோ, அவ்வாறே நீ பிறரை நடத்து.

இதனை மென்மை என்று எண்ணிவிடலாகாது. மோதலுக்குச் செலவாகாத நேரமெல்லாம் ஆட்ட நுணுக்கத்திற்குச் செலவாயிற்று. எதிரணியின் ஒவ்வோர் அசைவுக்கும் எங்கு நிற்பது, எப்போது திரும்புவது என்பதை மாணவர்கள் மீண்டும் மீண்டும் செய்து மனத்தில் பதித்துக்கொண்டனர். உடலில் காயமின்றி வாரந்தோறும் களத்தில் இறங்கினர். 1963, 1965, 1976 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் அக்கல்லூரியை வந்தடைந்தது.

அதன்பின் நெடுங்காலம் பட்டம் கிட்டவில்லை. 2000ஆம் ஆண்டில் இறுதி ஆட்டம் வரை சென்று, ஒஹையோ மாநிலத்து மவுண்ட் யூனியன் கல்லூரியிடம் 10-7 என்ற கணக்கில், இறுதி நொடிகளில் உதைத்த பந்தொன்றால் தோல்வியுற்றனர். மவுண்ட் யூனியனோ அவ்வாண்டு முதல் ஓர் ஆட்டத்திலும் தோற்காது, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் சூடியது.

2003ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கியபோது கலியார்டி சரியாக 400 வெற்றிகள் பெற்றிருந்தார். கல்லூரிக் கால்பந்தில் அதுவரை எவரும் எட்டாத உயரமாக நின்றது 408. அதை நாட்டியவர் லூசியானாவின் கிராம்பிளிங் கல்லூரியில் கறுப்பின மாணவர்களுக்கு 1941 முதல் பயிற்சி அளித்து, 1997இல் ஓய்வு பெற்ற எடி ராபின்சன் என்னும் பெரியார். செயின்ட் ஜான்ஸ் அணி ஒன்றன்பின் ஒன்றாக எட்டு ஆட்டங்களை வென்றது. நவம்பர் 8ஆம் நாள் சொந்த மைதானத்தில் பெத்தல் அணியை 29-26 என்று மூன்றே புள்ளிகளில் வென்றபோது, 409ஆம் வெற்றி கைகூடியது.

சாதனை முடிந்ததென்று அவர்கள் சோர்ந்துவிடவில்லை. டிசம்பர் 20ஆம் நாள் இறுதி ஆட்டம் சேலத்தில் நிகழ்ந்தது. நம் சேலம் அன்று. வர்ஜீனியா மாநிலத்துச் சேலம்! எதிரே நின்றது அதே மவுண்ட் யூனியன். தொடர்ந்து 55 வெற்றிகள் பெற்ற அணி. அந்த 55இல் ஒன்று, மூன்றாண்டுகளுக்கு முன் இவர்களிடமிருந்தே பறித்தது.

பயிற்சியில் ஒருவரையும் வீழ்த்திப் பழகாத மாணவர்கள் அன்று எதிரணியை ஆறு புள்ளிகளுக்கு மேல் எடுக்கவிடவில்லை. மவுண்ட் யூனியன் எல்லைக்கோட்டை நெருங்கி எறிந்த பந்தொன்றைத் தற்காப்பு வீரர் ஒருவர் இடைமறித்துப் பிடித்து, நூறு கெஜமும் ஓடி மறுகோடியைக் கடந்தார். முடிவு 24-6. ஆடிய பதினான்கிலும் வெற்றி. அவ்வாண்டு மூன்றாம் பிரிவின் தலைசிறந்த ஆட்டக்காரராக அவ்வணியின் பிளேக் எலியட் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பெற்ற பரிசின் பெயரே கலியார்டி கோப்பை. அன்று ஆசிரியருக்கு வயது 77.

ஒரு கோப்பை ஒரு கொள்கையை மெய்ப்பித்துவிடும் என்று நாம் வாதிட மாட்டோம். மவுண்ட் யூனியனும் தன் வழியில் 55 முறை வென்றதன்றோ! கலியார்டியின் காலத்தில் அக்கல்லூரிக்கு மற்றொரு தேசியப் பட்டம் கிட்டவுமில்லை. 2012இல் 489 வெற்றிகளோடு அவர் ஓய்வு பெற்றார். 2018 அக்டோபரில் தமது 91ஆம் வயதில் மறைந்தார்.

ஆயினும் காலம் அவர் பக்கம் திரும்பியது. தலையில் மீண்டும் மீண்டும் படும் அடி மூளையை நிலையாகப் பாதிக்கும் என்பதை மருத்துவர்கள் பிற்காலத்தில் எடுத்துக்காட்டினர். 2016இல் ஹார்வர்டு, யேல் முதலிய எட்டுப் புகழ்மிக்க கல்விக்கூடங்களின் பயிற்சியாளர்கள், ஆட்டப் பருவப் பயிற்சிகளில் மடக்கி வீழ்த்துவதைக் கைவிடத் தீர்மானித்தனர். காலேஜ்வில் மாணவர்கள் பல்லாண்டுகளாகச் செய்துவந்தது அதுவே.

கண்டிப்பு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நெறி இல்லாத வீடு நிலைக்காது. ஆனால் தேர்வில் மதிப்பெண் குறைந்து பிள்ளை தலைகுனிந்து நிற்கும் மாலையில், நம் நாவில் முதலில் எழும் சொல் எது? நாம் சிறுவராய் நின்றபோது நம்மை வருத்திய சொல்லையே அவனுக்கும் கொடுத்துவிடுகிறோமா? பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் தன்னை வருத்திய வழக்கத்தைத் தன்னோடு நிறுத்திக்கொண்டான். பெற்றோராகிய நம்மாலும் அது இயலும் என்றே நம்புகின்றோம்.