முட்டை விழ எத்தனை படம்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் ஒரு பழைய நுழைவாயில் வளைவு நிற்கிறது. ஒரு காலத்தில் அங்கே இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெரிய சினிமா ஸ்டூடியோவின் வாசல் அது. திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் 1935-இல் அதைத் தொடங்கினார். 1940-இல் அந்த நிறுவனம் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்தில் நடிகர் பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கேமராவின் பாதிக் கண்ணை மூடி ஒரு பக்கத்தைப் படம் எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மூடியை மறுபக்கம் மாற்றி, அதே பிலிமில் இன்னொரு முறை எடுப்பார்கள். ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார்!

இந்த வித்தைகளுக்கெல்லாம் அடிப்படை பிலிம்தான். பிலிம் சுருளைக் கையில் பிரித்துப் பார்த்தால் அதில் எதுவுமே அசையாது. நொடிக்கு 24 என்ற கணக்கில் வரிசையாக இருப்பவை புகைப்படங்கள்தான். அவை மளமளவென்று மாறும்போது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நடந்ததை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. அதனால், படத்துக்குப் படம் எவ்வளவு மாற்றம் என்பதை முடிவு செய்கிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

சினிமா இயக்குநர் தாதாசாகேப் பால்கே இதை அருமையாகப் பிடித்துக்கொண்டார். 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) எடுக்கும் முன், பணம் போடுகிறவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமே என்று தொட்டியில் பட்டாணி விதைத்து, எதிரே கேமராவை வைத்தார். ஒரு மாதத்துக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். திரையில் சுமார் ஒரு நிமிடத்தில் விதை முளைத்துக் கொடியாகிவிட்டது. 1915-இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஒரு படமும் எடுத்தார்.

இப்போது உங்கள் முறை. வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும். திருச்செங்கோடு இருக்கும் நாமக்கல் மாவட்டம் என்றாலே முட்டையாயிற்றே, நம் கதாநாயகன் முட்டைதான். ஆனால் நிஜ முட்டை வேண்டாம், அம்மா விடமாட்டார்கள். அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். தரையில் ஒரு சார்ட்டை விரித்து, நாற்காலி விளிம்பில் கைப்பேசியைக் கீழே பார்த்தபடி வைத்து, நகராமல் கட்டிவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி விளக்கு வெளிச்சத்திலேயே எடுங்கள். வெயில் ஏறி இறங்கினால் படம் பளிச் பளிச்சென்று மினுக்கும்.

நொடிக்கு 12 படம் போதும். சார்ட்டின் மேல் ஓரத்தில் முட்டையை வைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் 4 செ.மீ. கீழே நகர்த்தி எடுத்து ஓட்டிப் பாருங்கள். முட்டை விழவே விழாது, லிஃப்டில் இறங்குவது போல் வரும். ஏன்? விழும் பொருளைப் பூமி இழுத்துக்கொண்டே இருப்பதால் அதன் வேகம் ஏறிக்கொண்டே போகும். நானூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் கலிலியோ இதை அளந்தார். சம நேரங்களில் ஒரு பொருள் விழும் தூரங்கள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களின் கணக்கில் கூடும் என்று கண்டார்.

அப்படியே செய்யுங்கள். முதலில் 1 செ.மீ., அடுத்து 3, அடுத்து 5, பிறகு 7. இப்போது ஓட்டினால் முட்டை 'பொத்'தென்று விழும்! நிஜ முட்டை மேசையிலிருந்து தரைக்கு வர அரை நொடிகூட ஆகாது. நம் கணக்கில் ஐந்தே படங்கள்.

லாரி கிளம்புவதையும் இப்படிக் காட்டலாம். முதலில் மில்லிமீட்டர் அளவில் நகர்த்தி, போகப் போக இடைவெளியைக் கூட்டுங்கள். பிரேக் போட வேண்டுமா? இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

உடைந்த முட்டைக்குத் தனி அட்டை வெட்டுங்கள். அது மட்டும் இரண்டு நொடி, அதாவது 24 படம், அசையாமல் கிடக்கட்டும். பார்க்கிறவர்கள் 'அய்யோ' என்று சொல்ல நேரம் வேண்டும் அல்லவா? 'பொத்' சத்தத்தைக் கடைசியில் நீங்களே வாயால் பதிவு செய்து, முட்டை தரையைத் தொடும் படத்தில் சேர்த்துவிடுங்கள்.